தியெப்வால் நினைவு வளைவும் தேடி வரும் வாரிசுகளும்

வட பிரான்சில் சோம் ஆற்றுப் பகுதியிலுள்ள தியெப்வால் மேட்டில் நிற்கிறது அந்தச் செங்கல் வளைவு. முதல் உலகப் போரின்போது அந்தக் களத்தில் மாண்டு, உடலோ கல்லறையோ அடையாளம் காணப்படாமற் போன பிரிட்டிஷ், தென்னாப்பிரிக்கப் படையினரின் நினைவகம் அது. டெல்லியின் இந்தியா கேட்டை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ்தான் இதையும் வடிவமைத்தார். 1932 மே மாதம் நடக்கவிருந்த திறப்பு விழா, பிரெஞ்சு அதிபர் பால் தூமேர் சுட்டுக் கொல்லப்பட்டதால் ஆகஸ்ட் 1-க்குத் தள்ளிப்போனது. வளைவின் 16 பெருந்தூண்களில் 72,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் 1916 ஜூலை முதல் நவம்பர் வரை நடந்த சோம் சண்டையில் இறந்தவர்கள். அதன் முதல் நாளிலேயே பிரிட்டிஷ் தரப்பில் 19,240 பேர் உயிரிழந்தனர்.

பெயர்கள் முதலில் ரெஜிமென்ட் வாரியாகவும், அதற்குள் பதவி வாரியாகவும், பிறகே அகர வரிசையிலும் உள்ளன. ஸ்மித், ஜோன்ஸ் போன்ற குடும்பப் பெயர்கள் பக்கம் பக்கமாக வருவதால், ரெஜிமென்ட்டும் ராணுவ எண்ணும் தெரியாமல் தாத்தாவின் அண்ணனைத் தேடி வருபவருக்குச் சுவரைப் பார்த்து நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த விவரங்கள் பெரும்பாலும் வீட்டுப் பெட்டியில்தான் கிடைக்கும்.

போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் போருக்குப் பின் 12 சென்டிமீட்டர் அகல வெண்கல வட்டு ஒன்று வழங்கப்பட்டது. தியாகத்தில் ஏற்றத்தாழ்வு கூடாது என்பதற்காக அதில் பெயரை மட்டும் பொறித்து, பதவியையும் படைப்பிரிவையும் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். உயர்ந்த எண்ணம்தான், தேடுபவருக்கு அதனால் பயன் குறைவு. கூடவே வந்த தாள் பட்டயத்தில் பதவியும் படைப்பிரிவும் உண்டு. போர்ப் பதக்கங்களின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாமே இருக்கும்.

அதிகாரி இறந்தால் வீட்டுக்குத் தந்தி வந்தது; சாதாரணச் சிப்பாய் இறந்தால் அச்சடித்த படிவம் தபாலில் வந்தது. உடல் கிடைக்காவிட்டால் அதில் முதலில் ‘காணவில்லை’ என்றிருக்கும். பல மாதம் கழித்தே இறந்ததாகக் கருதி முடிவு செய்வார்கள். எனவே ஏட்டிலுள்ள இறந்த தேதி சில சமயம் ஊகத் தேதிதான். படைப்பிரிவுப் பாதிரியாரும் தோழர்களும் எழுதிய கடிதங்கள் இதைத் திருத்த உதவும். ஆனால் வலியின்றி உடனே உயிர் பிரிந்தது என்று அவை சொல்வதை அப்படியே நம்புவதற்கில்லை. தாயைத் தேற்றுவதற்காகப் பலரும் அப்படித்தான் எழுதினார்கள்.

குடும்பத்தில் எதுவும் மிஞ்சாதபோது அரசு ஏடுகளை நாட வேண்டும். 1940 செப்டம்பரில் ஜெர்மன் விமானக் குண்டு லண்டன் ஆர்ன்சைட் தெருவிலிருந்த ராணுவக் கிடங்கில் விழுந்து, முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் பணி ஆவணங்களில் சுமார் 60 சதவீதம் எரிந்துபோனது. மிஞ்சியவற்றிலும் பல கருகியவை, தீயணைப்புத் தண்ணீரில் ஊறியவை. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது, இறந்த சிப்பாய்க்குச் சேர வேண்டிய பணம் எந்த உறவினருக்குப் போனது என்று காட்டும் கணக்குப் பதிவேடு. படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகளும் உண்டு. ஆனால் அவை அதிகாரிகளைப் பெயர் சொல்லியும் மற்றவர்களைப் பெரும்பாலும் எண்ணிக்கையாகவும் குறிப்பவை. ஏட்டில் இருப்பதும் எப்போதும் சரியாக இருக்காது. 19 வயது நிரம்பாதவரை வெளிநாட்டுப் போர்முனைக்கு அனுப்பக் கூடாது என்பது விதி. வயதைக் கூட்டிச் சொல்லியும் பெயரை மாற்றியும் சேர்ந்த பையன்கள் பல குடும்பங்களின் தேடலைத் திசை திருப்பியிருக்கிறார்கள்.

தேட ஒரு பெயராவது சுவரில் இருப்பதும் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற இந்தியப் பொறியியல் படையினரும் பணியாற்றிய மெசபடோமியப் போர்முனைக்கு, இராக்கின் பாஸ்ராவில் 1929-ல் நினைவகம் திறக்கப்பட்டது. அதில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் உண்டு; சாதாரண இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியான எண்ணிக்கையாக மட்டுமே இருக்கிறார்கள். இத்தகைய பாகுபாடுகளுக்காக, இந்த நினைவகங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021-ல் மன்னிப்புக் கேட்டது.

சோம் வயல்களில் உழவின்போதும் சாலைப் பணியின்போதும் இன்றும் எலும்புகள் கிடைக்கின்றன. தொப்பிச் சின்னமும் பொத்தான்களும் ரெஜிமென்ட்டைக் காட்டும். எண் கீறிய கரண்டி கிடைத்தால் ஆளையே காட்டக்கூடும். அதை உறுதிசெய்ய இப்போது டிஎன்ஏ சோதனை உதவுகிறது. அதற்கு உயிரோடிருக்கும் உறவினர் வேண்டும். இறந்தவரின் சகோதரி வழியில் வந்த பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடிக்க மீண்டும் குடும்ப ஏடுகளைத்தான் புரட்டுகிறார்கள். அடையாளம் உறுதியானால் பெயர் தாங்கிய கல்லறை எழுப்பப்படுகிறது. பின்னர் தியெப்வால் பலகையைப் புதுப்பிக்கும்போது அந்தப் பெயர் அங்கிருந்து நீக்கப்படுகிறது.