மதிப்பெண்ணும் தவக்குலும்

நீட் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் மாணவி ஒருத்தி எங்கள் ஏற்காடு மதரஸாவில் ஓதியவள். 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். தவறான விடைக்கு ஒன்று குறையும். இந்தக் கணக்கிலேயே அவளது உறக்கம் போய்விட்டது என்கிறார் தாயார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். எழுதி முடித்த விடைத்தாளை இனி நம் கவலை திருத்தாது. ஆனால் கட்ட வேண்டிய கயிறு இன்னும் கையில் இருக்கிறது. தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் உண்டு. கலந்தாய்வுக்கு முன்பே சான்றிதழ்களை ஆயத்தம் செய்யுங்கள்.

பெற்றோரே, "எவ்வளவு வரும்?" என்று பிள்ளையிடம் நாள்தோறும் கேட்காதீர்கள். ரிஸ்கை அளப்பவன் அல்லாஹ். அவளுக்காகத் தஹஜ்ஜுதில் கையேந்துங்கள்.