அண்ணா சமைத்த 'இந்தியன்' கறி

போன தைப்பொங்கலுக்கு அண்ணா வந்திருந்தார். ஆறு வருசத்துக்குப் பிறகு. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் ஒரு 'இந்தியன்' உணவகத்தின் குசினியில் அவருக்கு வேலை. நத்தார், புதுவருடச் சீசனில் லீவு கேட்கவே முடியாதாம். அது முடிந்த பிறகுதான் மூன்று கிழமை கிடைத்தது.

வந்த நாலாம் நாள் இரவு, "நாளைக்கு ஒருத்தரும் சமைக்க வேண்டாம். நான் சமைக்கிறன்" என்றார். அம்மா சிரித்தா. வீட்டை விட்டுப் போகும்வரைக்கும் முட்டை பொரிக்கத் தெரியாத ஆள் அவர்.

அடுத்த நாள் காலை நானும் அவரும் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனோம். மூன்று கிலோ பம்பாய் வெங்காயம், கரட், குடைமிளகாய், தக்காளி, இஞ்சி, உள்ளி. பிறகு சுப்பர்மார்க்கட்டில் கிறீமும் தயிரும். காய்ந்த வெந்தயக்கீரை மட்டும் அவருடைய சூட்கேசிலேயே வந்திருந்தது. நாலு பேருக்கு எதுக்கு மூன்று கிலோ வெங்காயம் என்று அம்மா கேட்டா. "அங்க ஒரு நாளைக்குச் சாக்குக் கணக்கிலை போகும் அம்மா" என்றார்.

எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது, வெளிநாட்டு 'இந்தியன்' உணவகங்களில் கறி எப்படி வருகிறது என்று. முதலில் வெங்காயத்தை வெட்டி, கொஞ்சம் கரட், குடைமிளகாய், இஞ்சி, உள்ளி, தக்காளி, மஞ்சள் எல்லாம் சேர்த்து நிறையத் தண்ணீரில் நல்லாய் அவிய விடுகிறார்கள். பிறகு அதை அரைத்து மெல்லிய கூழாக்குகிறார்கள். இதுதான் 'பேஸ் கிறேவி'. உப்பும் உறைப்பும் இல்லாத, லேசான இனிப்புள்ள ஒரு செம்மஞ்சள் கூழ். மத்தியானமே இது பெரிய பானையில் தயாராக இருக்கும். கோழியும் முன்கூட்டியே அவித்தோ சுட்டோ வைத்திருப்பார்கள்.

இரவில் ஓடர் வரும்போது ஒரு தாச்சியில் எண்ணெய், இஞ்சி உள்ளி விழுது, தூள், தக்காளிக் கூழ். அடுப்பை முழுதாய்க் கூட்டிவிட்டு ஒரு அகப்பை கிறேவி. வற்றியதும் இன்னொரு அகப்பை. கிறீமும் சீனியும் தேங்காய்த்தூளும் போட்டால் அது 'கோர்மா'. மிளகாய்த்தூளைக் கூட்டிக் கொஞ்சம் புளிப்பும் விட்டால் 'மெட்ராஸ்'. இன்னும் உறைப்பைக் கூட்டினால் 'விந்தாலு'. எல்லாமே ஒரே பானையில் இருந்துதான். ஒரு கறிக்குப் பத்து நிமிசம்கூட ஆகாது.

நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறேன். அந்த வயதுக்கே உரிய வாய் எனக்கும் இருக்கிறது. "அண்ணா, இது இந்தியச் சாப்பாடே இல்லை. விந்தாலு கோவாவில் வினாகிரியும் உள்ளியும் போட்டுப் பன்றி இறைச்சியில் செய்யிறது, அந்தப் பெயரே போர்த்துக்கேயச் சொல். மெட்ராஸ் கறி எண்டு ஒன்றை மெட்ராஸில் போய்க் கேட்டால் சிரிப்பாங்கள். நீங்கள் வெள்ளைக்காரருக்கு ஒரு பொய்யை விக்கிறியள்" என்று ஒரு விரிவுரையே வைத்தேன்.

அவர் தாச்சியை ஆட்டிக்கொண்டே சொன்னார், "நீ வாசிச்சிருக்கிறாய். நான் கிண்டியிருக்கிறன். முதல் சாப்பிடு."

அதற்குப் பிறகு நானும் கொஞ்சம் ஒழுங்காக வாசித்தேன். ஆங்கிலத்தில் 'கறி' என்று எழுதப்படும் சொல் எங்கள் தமிழ்க் 'கறி'யில் இருந்து போனது என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். எங்களுக்குக் கறி என்பது சோற்றோடு சாப்பிடுகிற எதுவும். "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்டால் கத்தரிக்காய்ப் பால்கறியும் பதில்தான், மீனும் பதில்தான். அந்தச் சொல் கப்பலேறிப் போய் வேறொன்றானது. 1747இல் ஹன்னா கிளாஸ் என்ற ஆங்கிலேயப் பெண் எழுதிய சமையல் புத்தகத்திலேயே 'இந்திய முறையில் கறி' செய்யும் குறிப்பு இருக்கிறது. 1810இல் தீன் முகமது என்ற பீகார்க்காரர் லண்டனில் ஒரு இந்திய உணவகம் திறந்தார். இரண்டு வருசத்தில் கடனாளியாகிப் போனார். பிறகு பிரித்தானியக் கப்பல்களில் வேலை செய்த சில்ஹெட் மாவட்டத்து ஆட்கள் கரையிறங்கிச் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் போட்டார்கள். இன்றைக்கும் அங்கே 'இந்தியன்' என்று பெயர்ப்பலகை போட்ட உணவகங்களில் பெரும்பகுதி அந்தச் சில்ஹெட் வழிவந்த வங்காளதேசத்தவர்களுடையதுதான். 2001இல் பிரித்தானிய வெளியுறவுச் செயலராக இருந்த ரொபின் குக், சிக்கன் ரிக்கா மசாலாவைத் தங்களுடைய தேசிய உணவு என்றே ஒரு உரையில் சொன்னார்.

அண்ணாவின் முதலாளியும் சில்ஹெட்காரர்தான். வங்காளதேசத்தவரின் கடை, இந்தியப் பெயர், யாழ்ப்பாணத்துச் சமையல்காரன், இங்கிலாந்து வாடிக்கையாளர். இதில் யாருடைய கறி யாருடையது என்று பிரிக்க என்னால் முடியவில்லை. பொய் என்று நான் சொன்னது அவசரப்பட்ட சொல். அது சனம் பிழைக்கக் கண்டுபிடித்த சமையல். வேலை முடிந்து களைத்து வருகிற தெரியாத ஒருவருக்கு, பத்து நிமிசத்தில், ஒவ்வொரு முறையும் ஒரே ருசியில் குடுக்க வேண்டும். அதற்கு அந்தப் பானைதான் வழி.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். சிக்கன் ரிக்கா மசாலா மேசைக்கு வந்தது. நல்ல நிறம். தயிரில் ஊறவைத்துச் சுட்ட கோழி, மெல்லிய இனிப்பு, கிறீம் வாசம், கடைசியில் கசக்கித் தூவிய வெந்தயக்கீரை. எனக்குப் பிடித்திருந்தது. அப்பா "கேக்குக்குள்ள கோழியைப் போட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டார்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டா, "இதைத்தானே நீ அங்க ஒவ்வொரு நாளும் சாப்பிடுறனி?"

அண்ணா இல்லை என்று தலையாட்டினார். கடையில் வேலை செய்கிறவர்கள் மெனுவில் உள்ள கறியைச் சாப்பிடுவதில்லையாம். அவர்களுக்கு வேறாக ஒரு பானை. எலும்போடு கோழி, இல்லையென்றால் மீன், தண்ணியாய், உறைப்பாய், ஒரு பருப்பு. "எங்கட மீன் குழம்புக்குக் கிட்ட வரும்." பன்னிரண்டு மணிக்குக் கடை பூட்டிய பிறகு எல்லாரும் நின்றபடி சாப்பிடுவார்களாம்.

"அதுக்கு முதல்?" அம்மா விடவில்லை. "அந்த வேலை கிடைக்க முதல் என்ன சாப்பிட்டனி?"

அப்போதுதான் வந்தது. முதல் எட்டு மாசம் ஒரு களஞ்சியத்தில் வேலை. மூன்று பேரோடு ஒரு அறை. அங்கே சமைக்க விடமாட்டார்கள். பாணும் வாழைப்பழமும் சுடுதண்ணி ஊற்றுகிற நூடில்சும். அந்த எட்டு மாசமும் ஒவ்வொரு நாளும் அம்மா வட்ஸ்அப்பில் "சாப்பிட்டனியே?" என்று கேட்க, "ஓம் அம்மா, சோறும் கறியும்" என்று அவர் சொன்னதை நானும் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். அம்மா பார்சலில் அனுப்பிய வறுத்த கறித்தூள் அந்த நேரம் எல்லாம் கட்டிலுக்குக் கீழே இருந்திருக்கிறது.

அம்மா எழும்பிக் கை கழுவப் போனா. திரும்பி வரக் கொஞ்சம் நேரமெடுத்தது.

"ஆனா பிறகு ஒரு அன்ரி கிடைச்சவா" என்றார் அண்ணா, கதையை மாற்றுகிற மாதிரி. "நாளைக்கு அவவின்ரை சமையலைச் செய்து காட்டிறன்."

அந்த அன்ரி இப்போது அண்ணா வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரி. குஜராத்திக் குடும்பம். உகண்டாவில் பிறந்து, 1972இல் இடி அமீன் ஆசியர்களை 90 நாளுக்குள் வெளியேறச் சொன்னபோது சிறுபிள்ளையாக லெஸ்டருக்கு வந்தவ. அந்த வருசம் லெஸ்டர் நகரசபை, "இங்கே வராதீர்கள்" என்று உகண்டாப் பத்திரிகையிலேயே விளம்பரம் போட்டது வரலாறு. அப்படியும் ஆயிரக்கணக்கில் போனார்கள். இன்றைக்கு அந்த நகரத்தின் ஒரு பெரிய பகுதியே அவர்களுடையது.

அன்ரியின் வீட்டில் கோர்மாவும் இல்லை, மெட்ராஸும் இல்லை. மெல்லிய ரொட்டி, ஒரு மரக்கறி, பருப்பு, சோறு, ஊறுகாய். பொதுவான பானை என்று ஒன்று இல்லை. உருளைக்கிழங்குக்கு ஒரு தாளிதம், வெண்டிக்காய்க்கு இன்னொன்று. முதல் கிழமையே "நீ இந்தியன் கடையில் வேலை செய்யிறாய், இந்தியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறியா?" என்று பகிடியாகக் கேட்டாவாம்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் சைவம். அண்ணா குஜராத்திப் பருப்பு வைத்தார். துவரம் பருப்பை அவித்துக் கடைந்து, மஞ்சளும் இஞ்சியும் பச்சைமிளகாயும் போட்டுக் கொதிக்க விட்டு, கடுகு, சீரகம், வெந்தயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினார். அதுவரைக்கும் அம்மா "இது எங்கட மாதிரித்தானே" என்று தலையாட்டிக்கொண்டு நின்றா. பிறகு அவர் சர்க்கரை தேடினார். இருக்கவில்லை. பனங்கட்டியை உடைத்துப் போட்டார்.

"பருப்புக்குள்ள பனங்கட்டியோ!" அம்மா தலையில் கை வைத்தா.

தேசிக்காய் பிழிந்து, ஒரு பிடி கச்சானையும் போட்டு இறக்கினார். இனிப்பு, புளிப்பு, உறைப்பு மூன்றும் ஒன்றாக வந்தது. அம்மா ஒரு கரண்டியில் எடுத்துக் குடித்துப் பார்த்தா. இன்னொரு கரண்டி. பிறகு கேட்ட கேள்விதான் எனக்கு மறக்காது: "அந்த மனுசி உனக்குக் காசுக்கோ சாப்பாடு தாறவா?"

"இல்லை அம்மா. லீவு நாளிலை கூப்பிட்டு இருத்திப் போடுவா. நீங்கள் அனுப்புற தூளிலை பாதி அவவுக்குத்தான். உருளைக்கிழங்குக்குப் போடுறவா."

மதுர் ஜாஃப்ரி பற்றி நான் வாசித்தது அப்போது ஞாபகம் வந்தது. நடிப்புப் படிக்க டெல்லியிலிருந்து 1950களில் லண்டன் போன அவருக்கும் சமைக்கத் தெரியாது. அங்குள்ள சாப்பாடு தாங்காமல் அம்மாவுக்குக் கடிதம் எழுத, அம்மா விமானத் தபாலில் சமையற்குறிப்புகளை அனுப்பினார். அப்படிக் கற்றுக்கொண்டவர் 1973இல் எழுதிய புத்தகம்தான் வீட்டு இந்தியச் சமையலை மேற்கில் பலருக்குக் காட்டியது. இந்தியச் சமையல் முழுவதையும் 'கறி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைப்பதை அவர் அந்தப் புத்தகத்திலேயே எதிர்த்தார். எங்கள் வீட்டில் கதை மறுபக்கமாக நடந்தது. குறிப்பு லெஸ்டரில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தது, எங்கள் தூள் அங்கே போகிறது.

கடைக் கறியா வீட்டுச் சமையலா நல்லது என்று இப்போது என்னைக் கேட்டால், ருசியில் என்னால் தீர்ப்புச் சொல்ல ஏலாது. அந்த ரிக்கா மசாலாவை நான் இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் கடையில் ஓடரைத்தான் பார்ப்பார்கள். அன்ரியின் வீட்டில் ஆளைப் பார்த்தார்கள். நான் புத்தகத்தை வைத்து எது உண்மையான இந்தியச் சாப்பாடு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டது முழுக்க வேறு: என்ரை பிள்ளைக்கு யார் சாப்பாடு போட்டது?

அண்ணா திரும்பிப் போய்விட்டார். சில வெள்ளிக்கிழமைகளில் அம்மா பனங்கட்டி போட்டுப் பருப்பு வைக்கிறா. அதற்கு எங்கள் வீட்டில் 'அன்ரியின்ரை பருப்பு' என்று பெயர். மிச்சமிருந்த பேஸ் கிறேவியை அண்ணா மூன்று ஐஸ்கிறீம் பெட்டியில் நிரப்பி உறைய வைத்துவிட்டுப் போனார். இரண்டை அம்மா தன்னுடைய தூளும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கோழிக்கறிக்குள் விட்டா. நன்றாகவே இருந்தது, எந்த நாட்டுக் கறி என்றுதான் சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது பெட்டி இன்னும் அப்படியே இருக்கிறது. எடுப்பமோ என்று கேட்டால், "இருக்கட்டும்" என்கிறா.