வடகடல்

பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் கடல். ஆனி மாதத்து வெயிலில் நான் நின்றபோது தெற்கே அலைகள் தூண்களில் மோதி நுரைத்தன. வடக்கே தண்ணீர் தாம்பாளத்தில் ஊற்றி வைத்ததுபோல் கிடந்தது. நங்கூரமிட்ட படகுகளின் நிழல்கூடக் கலையவில்லை.

பாலத்தை விட்டு இறங்கி, கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவரிடம் வடக்கே கைகாட்டி, “ஐயா, இதுதானே பாக் விரிகுடா?” என்று கேட்டேன். ஊசியை நிறுத்தாமல், “இது வடகடலு தம்பி. அங்கிட்டு இருக்கிறது தென்கடலு” என்றார். “வடகடலு பொம்பளைக் கடலு, தென்கடலு ஆம்பளைக் கடலுன்னும் சொல்லுவோம். ஆனா வாடை அடிக்கட்டும், அப்ப வந்து பாருங்க இவ கோவத்தை.”

அந்த ஒரு பேச்சில் ஒரு புவியியல் பாடமே இருந்தது. வடகடலின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. தெற்கிலிருந்து வரும் பேரலைகளை ராமேசுவரம் தீவும் அதற்கப்பால் மணல்திட்டுகளும் தடுத்துவிடுகின்றன. தென்கடலாகிய மன்னார் வளைகுடாவோ வெளியே போகப்போக 1,000 மீட்டரையும் தாண்டி இறங்குகிறது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்கு கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பினால் வடக்கு கொந்தளிக்கும். எந்தக் கடலில் எப்போது வலை போடலாம் என்பதை அந்தப் பெயர்களே சொல்லிக்கொடுக்கின்றன.

வரைபடத்தில் இருக்கும் ‘பாக்’ என்ற பெயர் என்ன சொல்கிறது? ராபர்ட் பாக் என்பவர் பாதிரியாராக இந்தியாவுக்கு வந்து, 1763 முதல் 1767 வரை சென்னையில் கவர்னராக இருந்தார் என்பதை மட்டும்தான். அந்தத் தண்ணீரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் அதை அடுத்து வரும் விரிகுடாவில் உள்ள ‘குடா’ என்ற சொல்லை நினைத்தால் எனக்கு அலுப்பதே இல்லை. வளைவும் உட்குழிவும் கொண்டது குடா. குடம், குடை, கோழியை அடைக்கும் குடாப்பு எல்லாம் அந்த வளைவின் பிள்ளைகள்தான். நமக்குக் கடல் நிலத்துக்குள் வளைந்து புகுந்தால் குடா. எதிர்க்கரையிலோ நிலம் கடலுக்குள் நீண்ட யாழ்ப்பாணத்தைக் குடாநாடு என்கிறார்கள். நீருக்கும் நிலத்துக்கும் ஒரே சொல்! கரை என்பது இருவரும் சேர்ந்து வரைந்த கோடு என்று அறிந்தவர்கள் வைத்த பெயராகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வடகடலின் அடியில் கடற்புல் விளைகிறது. அதை மேய வரும் கடல்பசுவை அங்கே ஆவுளியா என்பார்கள். 2022இல் தமிழக அரசு அந்தக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. பசுவுக்கு இடம் கிடைத்துவிட்டது. வடகடல் என்ற பெயருக்கும் பள்ளி வரைபடத்தில், அடைப்புக்குறிக்குள்ளாவது, ஓர் இடம் வேண்டும். நீங்கள் ராமேசுவரம் போனால் வலை பொத்துகிறவர் பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள். கடலுக்கும் காற்றுக்கும் அவர் சொல்லும் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.