அப்பா கேட்ட கேள்வி

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் ஏழு மைல் தூரம். யுத்த காலத்தில் அந்த ஏழு மைலைக் கரி பஸ்ஸில் கடந்தவர்களுக்கு யந்திர சாஸ்திரம் தானாகவே வந்துவிடும். பெட்ரோலுக்குப் பங்கீடு, ஆகவே வண்டியின் முதுகில் ஒரு கரியடுப்பு. கிளீனர் விசிறிச் சக்கரத்தைச் சுற்று சுற்றென்று சுற்றிக் கரியைக் கனிய வைப்பான். அதிலிருந்து எழும் வாயுவைக் குடித்துத்தான் வண்டி கிளம்பும். பஞ்சாலையில் கணக்கெழுதிய என் தகப்பனாருக்கு அந்த வித்தையில் அபார மோகம். "தன் அடுப்பைத் தானே சுமந்துகொண்டு போகிறது, பார்!" என்பார்.

1963-ஆம் ஆண்டில் நான் பம்பாயில் குமாஸ்தாவாக இருந்தேன். 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் பிறந்த கொவாலியா டாங்க் மைதானத்தைத் தரிசிக்க வேண்டுமென்று தகப்பனார் வந்து சேர்ந்தார். அந்த மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்புகையில், அங்கிருந்து மஜகாவ் வரை முந்திய ஆண்டில் விடப்பட்ட டிராலி பஸ்ஸில் ஏறினோம். என் காரியாலய நண்பர்கள் இருவரும் உடன் இருந்தனர். தண்டவாளமில்லை, புகையில்லை, ரப்பர் சக்கரங்கள், தலைக்கு மேலே இரண்டு கொம்புகள்.

"டிராமுக்கு ஒரு கம்பி போதுமே, இதற்கு ஏன் இரண்டு?" என்றார்.

"டிராமில் மின்சாரம் தண்டவாளத்தின் வழியே திரும்பிவிடும். ரப்பரில் மின்சாரம் பாயாது. ஆகையால் திரும்புவதற்கும் ஒரு கம்பி வேண்டும்" என்று பெருமையுடன் விளக்கினேன்.

ஒரு திருப்பத்தில் கொம்பு கம்பியை விட்டு நழுவியது. வண்டி நடுத்தெருவில் நின்றது. அதைக் கம்பியில் மாட்ட ஒருவர் நீண்ட கழியுடன் இறங்கினார்.

"வடம் அறுந்த தேர் மாதிரி நின்றுவிட்டதே! கொஞ்சம் மின்சாரத்தை வயிற்றிலே சேமித்து வைத்துக்கொள்ளக் கூடாதோ?" என்றார் தகப்பனார்.

நண்பர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "மின்சாரம் என்ன அடுப்புக் கரியா அப்பா, சாக்கில் கட்டி வைக்க?" என்றேன்.

அவர் பதில் பேசவில்லை. அங்கவஸ்திர நுனியால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஊருக்கு ரயிலேறும் வரையில் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

1964-ல் பம்பாயில் டிராம் நின்றது. 1971-ல் டிராலி பஸ்ஸும் நின்றது. தகப்பனாரும் காலமானார். அதற்குப் பிறகுதான் ஒரு புத்தகத்தில் படித்தேன்: கொம்பு நழுவினால் சிறிது தூரமாவது ஓடுவதற்காக, மேல்நாட்டு டிராலி பஸ்கள் பலவற்றில் முன்பே பாட்டரி வைத்திருந்தார்களாம்! இப்போதோ, கம்பியின் கீழ் ஓடும்போதே பாட்டரியை நிரப்பிக்கொண்டு, கம்பியில்லாத தெருவில் அந்தச் சேமிப்பைக் கொண்டு ஓடும் வண்டிகளும் ஐரோப்பிய நகரங்களில் உண்டு. பரிகாசத்துக்கு உரியவர் அன்று கேள்வி கேட்டவரல்ல, சிரித்தவன்தான்.

2025 ஜூன் மாத இறுதியில் சென்னையில் பாட்டரி பஸ்கள் ஓடத் தொடங்கின. கம்பியுமில்லை, கொம்புமில்லை, சேமித்த மின்சாரம் மட்டுமே. ஒரு நாள் அதில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி ஓசையின்றி நகர்ந்தது. "நீங்கள் சொன்னதுதான் சரி, அப்பா" என்று என்னையறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் இருந்த வாலிபன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அறுபத்திரண்டு வருஷத்துக்கு முன் நான் சிரித்த அதே சிரிப்பு.