ஆசிரியர் அறை

கேந்திரிய வித்யாலயப் பள்ளிகள், இடமாற்றம் பெறும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காக 1963ஆம் ஆண்டு தொடங்கப்பட்டன. அவற்றின் ஆசிரியர்களும் ஊர் மாறுபவர்களே.

வடமாநிலப் பள்ளி ஒன்றிற்குக் கேரளத்திலிருந்து இளம் கணித ஆசிரியை ஒருவர் வந்தார். அவருடைய இந்தி உச்சரிப்பைக் கேட்டு மாணவர் சிலர் நகைத்தனர். ஒருநாள் இடைவேளையில், ஆசிரியர் அறையில் தனியே அமர்ந்து, பணிவிலகல் கடிதம் எழுதத் தொடங்கினார்.

ஒடிசாவைச் சேர்ந்த மூத்த ஆசிரியர் அதைக் கண்டார். அறிவுரை கூறவில்லை. தேநீரை அவர்முன் வைத்து, தாம் சென்னையில் பணியேற்ற நாளில் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கண்ணீரை மறைத்ததைச் சொன்னார். பஞ்சாபியரான நூலகரும் தம் தொடக்க நாள்களை நினைவுகூர்ந்தார். மணி ஒலித்தது; கடிதம் பாதியில் நின்றது.

அன்று முதல் வெள்ளிதோறும் அவர்கள் அரைமணி நேரம் கூடிப் பேசினர். ஒருவர் பேச, மற்றவர் கேட்பர். கேட்டதை வெளியே கூறார்.

சில வாரங்கள் சென்றன. வகுப்பில் ஒரு சொல் தடுமாறியபோது ஆசிரியை அஞ்சவில்லை. “இதை எப்படிச் சொல்வது?” என்று மாணவரிடமே கேட்டார். முன்பு நகைத்தவனே எழுந்து சொல்லிக்கொடுத்தான்.

கேட்கும் செவி இருந்தால் அயலூரும் நம்மூராகும். உங்கள் வகுப்பிலும் தனியே அமர்ந்திருப்பவர் எவரேனும் உளரா?