பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு கேமரா

கொல்லிமலைக்குப் போயிருக்கீங்களா பாஸ்? காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினா மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. பாதி பேருக்கு பத்தாவது வளைவுலயே வயித்தைக் கலக்கிடும். 2009-ல் குடும்பத்தோட போனப்ப எனக்கு மட்டும் ஒண்ணும் ஆகலை. காரணம், சித்தப்பாகிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்த டிஜிட்டல் கேமரா! 'தண்ணி பட்டுச்சு... அவ்ளோதான்'னு நூறு தடவை சொல்லித்தான் கொடுத்தார்.

அறப்பளீஸ்வரர் கோயில் வரைக்கும் நான்தான் ஹீரோ. அங்கிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல படி இறங்கணும். கீழே போகப் போக சாரல். பயந்துபோய் கேமராவை ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி பையோட அடியில அமுக்கிட்டேன்.

அப்பதான் அது நடந்துச்சு. எப்பவும் கணக்கு நோட்டும் கையுமா இருக்கிற எங்க அப்பா, சட்டையைக் கழற்றிட்டு அருவிக்கு அடியில போய் நின்னார். தண்ணி முதுகுல அறைய, ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு சின்னப் பையன் மாதிரி சிரிச்சார். அப்படி ஒரு சிரிப்பை நான் அதுக்கு முன்னே பார்த்ததே இல்லை. நான் கேமராவை எடுக்கலை. சித்தப்பா திட்டுவாரேங்கிற பயம்!

அன்னிக்குப் புரிஞ்சுது, வெளியே எடுக்கப் பயப்படுற கேமரா எவ்வளவு உசத்தியா இருந்தாலும் வேஸ்ட். அதனால, கேமரா வாங்கப் போறப்ப 'எத்தனை மெகாபிக்ஸல்?'னு ஆரம்பிக்காதீங்க. 'நான் எங்கே கொண்டு போகப் போறேன்?'னு முதல்ல உங்களையே கேளுங்க.

மலை, அருவி, கடற்கரைன்னு சுத்துற ஆளா? அதுக்குன்னே முரட்டு கேமராக்கள் இருக்கு. உதாரணத்துக்கு, 2023-ல் வந்த ஓஎம் சிஸ்டம் டிஜி-7. வெறும் 12 மெகாபிக்ஸல்தான். ஆனா, 15 மீட்டர் ஆழத் தண்ணியையும், 2.1 மீட்டர் உயரத்துல இருந்து விழுறதையும் தாங்குற மாதிரி செஞ்சிருக்காங்க. ஜூம் பண்ணினாலும் லென்ஸ் வெளியே நீளாது, எல்லாமே உள்ளுக்குள்ளதான். ஒரு குறை, சென்சார் சின்னது. இருட்டுல எடுத்தா படம் புள்ளி புள்ளியா வரும்.

'என் செல்போன்லயே ஐபி 68 போட்டிருக்கே'ங்கிறீங்களா? அதுல 6 தூசிக்கு, 8 தண்ணிக்கு. ஆனா, அது நல்ல தண்ணியில, புது போனை வெச்சு செஞ்ச சோதனை. கீழே விழுந்து, பழசான போனுக்கு அந்தக் கணக்கு செல்லாது. தண்ணி புகுந்து கெட்டா பல கம்பெனிகளோட வாரன்ட்டியும் கை கொடுக்காது.

முரட்டு கேமராவையும் முரட்டுத்தனமா நம்பிடக்கூடாது. அதோட உயிர் பேட்டரி மூடியில இருக்கிற ரப்பர்லதான். ஒரு மணல் துகள், ஒரு தலைமுடி சிக்கினாலே தண்ணி உள்ளே போயிடும். ஈரக் கையோட மூடியைத் திறக்காதீங்க. கடல்ல நனைஞ்சா நல்ல தண்ணியில அலசுங்க.

எங்க வீட்டு ஆல்பத்துல கோயில் இருக்கு, பஸ் இருக்கு, பலாப்பழக் கடைகூட இருக்கு. அப்பாவோட அந்தச் சிரிப்பு மட்டும் இல்லை. இப்போ அவருக்கு முழங்கால் வலி. ஆயிரம் படியெல்லாம் இனி நடக்காத காரியம்.

உங்ககிட்ட இருக்கிறது ஓட்டை கேமராவாவே இருக்கட்டும். நனைஞ்சா நனையட்டும்னு ஒரு தடவை வெளியே எடுங்க பாஸ்!