கூறியது கூறாமை

தொல்காப்பியனாரும் நன்னூலாரும் நூலுக்காகாத குற்றங்கள் பத்தென வகுத்து, அவற்றுள் 'கூறியது கூறல்' என்பதனை ஒன்றாகவும், 'மாறுகொளக் கூறல்' என்பதனைப் பிறிதொன்றாகவும் எண்ணினர். இவை தனித்தனியே எண்ணப்பட்டனவாயினும், முன்னது தாயாகப் பின்னது அதன் சேயாகப் பிறத்தலும் உண்டு. இவ்வுண்மை எனக்கு விளங்கியது இலக்கண வகுப்பில் அன்று. வலைத்தளத்துக்கு நிரல் எழுதும் பணியிலேயாம். தமிழ் பயிலும் மாணவனுக்கு நிரலோடு என்ன உறவு என வினவும் நண்பர்களுக்கு விடையாகவே இதனை எழுதத் துணிந்தேன்.

வலைப்பக்கங்களுட் சில, அச்சிட்ட தாள்போல முன்னரே எழுதி வைக்கப்பட்டவை; வேறு சில, கேட்பார் கேட்டபொழுதே ஆக்கி அளிக்கப்படுபவை. ஒருவர் ஒரு சொல்லை இட்டுத் தேடுவாராயின், அச்சொல் சர்வர் என வழங்கும் கணினியைச் சென்றடையும். ஆண்டுள்ள நிரல் எழுந்து, அதனைப் பெற்று, வேண்டுவதைத் தேடி, விடையைப் பக்கமாக்கி அனுப்பும். அங்ஙனம் செல்லும் சொல் நாம் இட்ட வடிவிற் செல்வதில்லை. 'ஏ' என்னும் ஓரெழுத்து, யூனிகோடின் யூடிஎப்-8 முறையில் 3 பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் அதனை அடுத்து இரண்டு குறிகளுமாக விரிந்து, ஒன்பது குறிகளாய் வழிச்செல்லும். அதனை மீட்டும் எழுத்தாக்குதல் நிரலின் முதற்கடன். பெற்ற சொல்லைப் பக்கத்தில் திரும்பக் காட்டுங்கால், அதனுள் எவரேனும் மறைத்து வைத்த கட்டளை பிறர் கணினியில் இயங்காவண்ணம் அதனை வெறும் எழுத்தாக்கிக் காத்தல் இறுதிக்கடன். பக்கம் எதுவாயினும் இக்கடன்கள் மாறுவதில்லை.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு திருச்சபையின் பாட்டுப் பக்கங்களைப் பேணும் பணி என்பால் வந்தது. பாடலின் முதலடியைக் கொண்டு தேடுவது, இடையே வரும் சொல்லைக் கொண்டு தேடுவது, ஞாயிறு ஆராதனைக்குரிய பாடல்களைத் தொகுத்து அளிப்பது என நிரல்கள் மூன்று. முன்னர்ப் பணிசெய்தோர், முதல் நிரலின் பொதுப்பகுதியை அவ்வாறே படியெடுத்து ஏனை இரண்டிலும் ஒட்டியிருந்தனர். நிற்க. 'கொ' என்னும் எழுத்தைக் கணினி இருவகையாகக் கொள்ளும். ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றே சேர்வது ஒருவகை. ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியே சேர்வது மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கோ வெவ்வேறு. பாடல்களைத் தட்டச்சுச் செய்தோர் பலராதலின் இருவகையும் கலந்து கிடந்தன. அவற்றை ஒப்ப நோக்குதற்குரிய திருத்தம் முதல் நிரலில் மட்டும் செய்யப்பட்டிருந்தது. ஏனைப் படிகள் பழையவாறே நின்றன.

ஒருநாள் மாலை பெரியவர் ஒருவர் வந்தார். மறுநாள் அவர்தம் அன்னையாரின் அடக்க ஆராதனை. அம்மையார் விரும்பிப் பாடிய பாட்டின் நடுவிலுள்ள சொற்கள் சில மட்டுமே அவர் நினைவில் நின்றன. "தம்பி, எங்கள் அம்மா பாடின பாட்டு நம் புத்தகத்திலேயே இல்லை என்கிறதே" என்று அவர் வருந்திக் கூறினார். பாடல் இருந்தது, ஒரு நிரல் உண்டு என்பதனை மற்றொன்று இல்லை என்றது. கூறியது கூறியமையால் மாறுகொளக் கூறல் பிறந்தவாறு இதுவே. அச்சுநூலைப் புரட்டி அன்றிரவே பாடலைக் கண்டெடுத்து அளித்தோம். ஆயினும், துயருற்று வந்தார்க்குப் பொய்விடை பகரும் நிரல்களை அவ்வாறே விட்டுவைக்க மனம் ஒருப்படவில்லை.

அந்நிரல்கள் பெர்ல் என்னும் மொழியில் எழுதப்பட்டவை. அம்மொழியில், பலவிடத்தும் வேண்டப்படும் செயல்களை மாட்யூல் என்னும் தனிக்கோப்பில் வைத்து, வேண்டிய நிரல்தோறும் 'யூஸ்' எனத் தொடங்கும் ஒருவரியால் அழைத்துக்கொள்ளலாம். சொல்லைப் பெற்று எழுத்தாக்குதல், இருவகை வடிவினை ஒன்றாக்குதல், காட்டுமுன் காத்தல் என்னும் மூன்றனையும் ஒரு மாட்யூலாக அமைத்தேன். அதன் முதல்வரி 'பேக்கேஜ்' என்னும் சொல்லால் தன் பெயரை அறிவிக்கும். அதனால் அதனுள் உள்ள பெயர்கள் பிறவற்றின் பெயர்களோடு மயங்கா. வெளியிலிருந்து அழைக்கத்தக்கவை மட்டும் ஒரு பட்டியலில் நிறுத்தப்படும். வழக்கப்படி ஈற்றில் 1 என்னும் எண் நிற்கும். கோப்பு இடையூறின்றி ஏறிற்று என்பதற்கு அஃது அடையாளம். வடிவினை ஒன்றாக்கும் முறையையும் யான் புதிதாக எழுதிற்றிலேன். பெர்லுடன் வரும் யூனிகோட் நார்மலைஸ் என்னும் மாட்யூலே அதனைச் செய்யவல்லது. மூன்று நிரல்களினின்றும் ஒட்டுப்பகுதிகளை நீக்கி ஒருவரி அழைப்பை இட்டபொழுது, நிரல்கள் சுருங்கின, விடைகள் ஒன்றுபட்டன. ஓரிடத்து விதித்ததனைப் பிறவிடத்தும் கொண்டு செலுத்தும் 'மாட்டெறிந்தொழுகல்' என்னும் உத்தி இதுவன்றோ என வியந்தேன்.

பெர்ல் மொழியின் வரலாறும் நம்மனோர்க்கு உவகை தருவதொன்று. அதனை 1987ஆம் ஆண்டு வெளியிட்ட லாரி வால் என்பார், எழுத்தில்லா மொழியொன்றுக்கு எழுத்தமைத்து, அதன்கண் வேதாகமம் முதலியவற்றைப் பெயர்க்கக் கருதித் தம் மனைவியாருடன் மொழியியல் பயின்றவர். உடல்நலக் குறைவால் அவ்வெண்ணம் கைகூடவில்லை. தம் மொழிக்கு அவர் இட்ட பெயர், மத்தேயு நற்செய்தியிலுள்ள விலையேறப்பெற்ற முத்தின் உவமையைக் கருதியது. அப்பெயரில் வேறொரு கணினிமொழி முன்னரே இருந்தமையின், ஆங்கிலத்தில் ஓரெழுத்தைக் குறைத்துக்கொண்டார். 1994இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் மாட்யூல் முறை அமைந்தது. மறு ஆண்டே, உலகெங்கணும் உள்ளோர் தாம் இயற்றிய மாட்யூல்களை விலையின்றி வைத்துப் போகும் சிபான் என்னும் பொதுக்களஞ்சியம் திறக்கப்பட்டது. லிங்கன் ஸ்டைன் என்னும் உயிரியல் அறிஞர் இயற்றிய சிஜிஐ என்னும் மாட்யூல், வலை நிரல் எழுதுவார் பலருக்கும் பல்லாண்டு கைவிளக்காயிற்று.

இக்கருத்து வலைக்கு மிக முற்பட்டது. 1949ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் என்னும் கணினிக்கு, டேவிட் வீலர் முதலியோர் பொதுச்செயல்களைத் துளையிட்ட தாள்நாடாக்களில் எழுதி, நூலகம்போலச் சேர்த்து வைத்தனர். அச்செல்வத்தை எவ்வாறு கூறுபடுத்துவது என்பதனை 1972இல் டேவிட் பார்னஸ் ஆராய்ந்தார். எது முன் நிகழும், எது பின் நிகழும் என நோக்கிப் பிரித்தலினும், பின்னர் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கூற்றினுள் மறைத்து வைத்தலே சிறப்பு என்பது அவர் கருத்து. எம் மாட்யூலில் மறைந்திருப்பது 'கொ' என்பதன் வடிவு பற்றிய முடிவு. நாளை அது மாறினும் மாறுவது ஓரிடமே.

ஆயினும், பொதுவாக்கல் யாவும் நன்று எனக் கொள்ளற்க. ஓரினப் பொருள்களை ஒருவழித் தொகுத்தலே ஓத்து என்பர் இலக்கண நூலார். இனமல்லாதவற்றையும் ஒருங்கு திணித்த மாட்யூல் ஓத்தாகாது, மூட்டையேயாம். அன்றியும், பிறர் நம்பி அழைக்கும் பெயர் ஒரு வாக்குறுதி. 2016ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஒரு பிணக்குக் காரணமாக அமெரிக்க நிறுவனமொன்றின் களஞ்சியத்தினின்று ஒருவர் தம் மாட்யூல்களை மீட்டுக்கொண்டனர். அவற்றுள் லெஃப்ட்-பேட் என்னும் ஒன்று 11 வரிகளே உடையது. எனினும் அதனைச் சார்ந்து நின்ற எண்ணிறந்த நிரற்றொகுதிகளை மீண்டும் கட்டியமைக்க இயலாது உலகெங்கும் நிரலாளர் சில மணிநேரம் திகைத்தனர். மேற்கூறிய சிஜிஐ மாட்யூலும், அதனினும் சிறந்த முறைகள் தோன்றினமையின், 2015இல் பெர்லின் உள்ளடக்கத்தினின்று விலக்கப்பட்டது. எனினும் வேண்டுவார்க்குக் களஞ்சியத்தில் இன்றும் உளது. எழுதியதனோடு கடமை முடிவதன்று என்பதும், ஒழிப்பதற்கும் ஒரு முறை உண்டு என்பதும் இவற்றாற் பெறப்படும்.

மாணவ நண்பர்காள்! படியெடுத்து ஒட்டுதல் அன்றைய வேலையை முடிக்கும். அதன் பயன் எழுதினார்க்கே உரியது. பெயரிட்டு, ஒழுங்குபடுத்தி, பிறர் அறியுமாறு விளக்கக்குறிப்பும் வரைந்து வைத்த மாட்யூலோ, நாம் காணாதார் கைக்கும் உதவும். தாலந்தைப் புதைத்து வைத்தவன் அதனை இழக்கவில்லை; பயன்படாது வைத்திருந்தான் என்பதே அவன்மேற் குற்றம். கணினி நூல் பயில்வார் நம் கல்லூரியில் பலர் உளர். தமிழ் எழுத்தின் இயல்பறிந்தாரும் உளர். இவ்விரு திறத்தாரும் ஒருங்கிருந்து, தமிழ்ச்சொற்களைப் பெறுதல், ஒப்பிடுதல், அகரவரிசைப்படுத்தல் என்பவற்றுக்கு ஒருமுறை செவ்விதாக எழுதி வைப்பாராயின், பின்வருவார் அவற்றை மீட்டும் எழுதவேண்டுவதில்லை. உள்ள பாட்டை இல்லை எனக் கேட்டு வருந்துவாரும் குறைவர்.